டிக் போட்டுப் படித்த புத்தகம்

நல்ல புத்தகம் என்று நான் பொறுக்கி எடுத்ததை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல்தான் வருகிறது.

பினாங்கு மாநிலத்துப் பத்து காவானில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில், சிப் சோதிக்கும் பிரிவைப் பைத்தான் என்ற கணினி மொழிப் புரோகிராமுக்கு மாற்றப் போவதாகச் சொன்னார்கள். இரண்டு மாதத்தில் தேர்வு. தேறுகிறவர்கள் பிரிவிலேயே இருக்கலாம். மற்றவர்கள் பேக்கிங்குக்குப் போக வேண்டும். பதினேழு வருடம் சோதனை மெஷின்களோடு மல்லுக்கட்டியவள், பெட்டிக்கு டேப் ஒட்டப் போவதா? அந்த ஞாயிற்றுக்கிழமையே, கூட வேலை பார்க்கும் அக்காவோடு ஃபெரி ஏறி ஜார்ஜ் டவுன் புத்தகக் கடைக்குப் போனேன்.

ஓர் அலமாரி முழுக்கப் பைத்தான். ஒரே வாரத்தில், ஒரே நாளில் என்று அட்டைகள் புளுகின. கடைசியில் தலையணை கனத்தில் ஒன்று அகப்பட்டது. படி ஒன்று, படி இரண்டு என்று பாடம் போனது. ஓரத்தில் டிக் போடக் கட்டம்கூட இருந்தது. எங்கள் தொழிற்சாலையில் எந்த வேலைக்கும் செய்முறையைப் படிப்படியாகச் சொல்லும் எஸ்.ஓ.பி. என்று ஒரு தாள் உண்டு. அதில் ஒரு படியைத் தாண்டினாலும் வார்னிங் லெட்டர்தான். அப்படியே பழகிப்போன எனக்கு அந்தக் கட்டங்களைப் பார்த்ததும் மனம் குளிர்ந்தது.

அக்கா எடுத்தது ஒல்லிப் புத்தகம். பக்கத்துக்குப் பக்கம் கேள்விதான்.

"என்னக்கா, இதுல ஒண்ணுமே சொல்லித் தரலையே?"

"தப்புத் தப்பா எழுதிப் பாத்தா தானா வந்துரும்லா."

நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

என் புத்தகத்தைக் கரைத்துக் குடித்தேன். அதில் இருந்ததை அப்படியே தட்டினேன். ஒரு தடவைகூடப் பிழை வரவில்லை. எல்லாக் கட்டத்திலும் டிக். அக்காவோ தினமும் கேன்டீனில், "நேத்தும் புரோகிராம் ஓடல" என்று புலம்புவார். பாவம், புத்தகம் பார்த்து வாங்கத் தெரியவில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

தேர்வில் ஒரு ஃபைலைக் கொடுத்து, அதிலிருந்து பழுதான சிப்புகளை மட்டும் பிரிக்கப் புரோகிராம் எழுதச் சொன்னார்கள். எதிரே வெறும் திரை. முதல் வரியை யாராவது சொன்னால் போதும், மிச்சத்தைத் தட்டிவிடுவேன். யார் சொல்வார்கள்? பக்கத்தில் அக்கா தட்டினார், சிவப்பில் பிழை வந்தது. முணுமுணுத்துக்கொண்டே திருத்தினார், மறுபடி பிழை, மறுபடி திருத்தினார்.

அரை மணி நேரம் கழித்து, என் தம்பி வயதுள்ள சூப்பர்வைசர், இன்னும் வெறுமையாகவே இருந்த என் திரைக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"அக்கா, எர்ரர் ஏதும் வந்துச்சா?"

"இல்ல தம்பி, ஒண்ணுகூட வரல," என்றேன். சொல்லும்போது, வெட்கக்கேடு, கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அடுத்த திங்கட்கிழமை என்னைப் பேக்கிங்குக்கு அனுப்பினார்கள்.