தலைமாட்டுச் சைக்கிள்

சித்தி பேரீச்சம்பழம் தின்னத் தின்ன, எங்கள் வீட்டில் இரும்பு குறைந்துகொண்டே வந்தது.

கவரைப்பேட்டையில் அப்போது பேரீச்சம்பழத்தைக் கடையில் போய்த் தேடுபவர் யார்? அது தள்ளுவண்டியில் ஈ மொய்க்க வரும். பழைய இரும்பைப் போட்டால் பிசுபிசுவென்று ஒரு கை கிடைக்கும். நிறைமாதச் சித்தியின் வயிற்றைத் தடவிப் பார்த்த மருத்துவச்சி, "தெனம் பேரீச்சம்பழம் துண்ணும்மா, வலி சுருக்கா வந்து சுருக்கா முடியும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். முதல் பிரசவத்தில் சித்திக்கு இரண்டு நாள் வலி. பிறந்த பிள்ளை அழவேயில்லை. அதைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை.

சித்தப்பா கும்மிடிப்பூண்டி அரிசி மில்லுக்குச் சைக்கிளில் போய்வருகிறவர். பேச்சு குறைவு. மறுநாளே ஓட்டை வாளி போனது. பிறகு கடப்பாரை, ஏரின் கொழு, கதிர் அரிவாள். ஒருநாள் அரிவாள்மனையும் போய்விட்டது. கத்திரிக்காய் முழுசு முழுசாகக் குழம்பில் மிதந்தது.

"இன்னா தம்பி, நாளைக்கு என்னையும் தூக்கி வண்டியில போட்டுடுவியா?" என்றாள் அம்மா.

"நீ இன்னா இரும்பா அண்ணி?" என்றார் சித்தப்பா. சித்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

மத்தியானம் வலி கண்டது. மாடுகள் வீடு திரும்புமுன் பெண் பிள்ளை பிறந்து, தெருவே கேட்க அழுதது. மருத்துவச்சி கதவிடுக்கில் தலை நீட்டினாள். "தாய் தலமாட்டுல வைக்க இரும்பு குடுங்க. காத்து கருப்பு அண்டக் கூடாது."

தேடினோம். ஒன்றும் அகப்படவில்லை.

"எல்லா இரும்பும் உம் பொண்டாட்டி வயித்துலதான் கீது, போ!" என்றாள் அம்மா.

சித்தப்பா சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து அறைக்குள் தள்ளினார்.

"அய்யே, நைனா! பொறந்ததும் ஓட்டப் போவுதா உம் பொண்ணு?" என்று மருத்துவச்சி சிரித்தாள். ஆனாலும் கதவோரம், சித்தியின் தலைமாட்டில், அதைச் சாய்த்து வைத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து சித்தப்பா ரயில் பாதையோரமாக நடந்தே மில்லுக்குப் போனார். தீட்டுக் கழியும்வரை ஆண்கள் உள்ளே போகக் கூடாது. பொழுது சாய வந்ததும் அறை வாசற்படியில் நின்றபடியே கையை நீட்டி, சைக்கிள் மணியை ஒருமுறை அடிப்பார். தூங்குகிற பிள்ளை வீறிட்டு அழும். அம்மா திட்டுவாள். எனக்கும் ஆத்திரமாக வரும். சித்தி மட்டும் ஒரு வார்த்தை சொல்லமாட்டாள். அழுகை அடங்கும்வரை கண்ணை மூடி நின்றுவிட்டு, சித்தப்பா கால் கழுவப் போவார்.

அழுகிற பிள்ளையின் குரலை ஒரு மனிதர் காது குளிரக் கேட்டுக்கொண்டு நிற்பார் என்று அப்போது எனக்கு எப்படித் தெரியும்?