பரமேஸ்வரி அக்காவின் ஐந்து கிலோ

அந்தத் திங்கட்கிழமை காலை, கிளினிக்கில் நோயாளிகளின் எடையை எழுதிக்கொண்டிருந்தேன். பரமேஸ்வரி அக்காவின் மகள் அழைத்தாள். "அண்ணா, அம்மா எந்திரிக்கல." வரிசை வாசல்வரை நின்றது. போனை வைத்துவிட்டு அடுத்தவரைத் தராசில் ஏற்றினேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

அவர் நினைவாகக் கூடியிருக்கும் உங்களில் பலர் அவரை எங்கள் கிளினிக்கின் சுத்திகரிப்பு ஊழியராக அறிவீர்கள். அதற்கு முன் ஹந்தானைத் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறித்தவர். சுகர் நோயோடு முழங்கால் இரண்டும் தேய்ந்து, குடியிருந்த லயத்துப் படிகளில் பக்கவாட்டாகத்தான் இறங்குவார். ஐந்து கிலோ குறைத்தால்தான் சத்திரசிகிச்சை என்று சொல்லிவிட்டார்கள். சோற்றைப் பாதியாக்கினார். சீனியை விட்டார். இரண்டு கிலோ இறங்கியது. பிறகு அதுவும் திரும்பி வந்தது. மலை ஏறி இறங்கியே கால் தேய்ந்த பெண்ணுக்கு "தினமும் நடக்கவும்" என்று எழுதிக் கொடுத்தவர்கள் நாங்கள்.

ஊழியர் கூட்டமொன்றில் புதிதாக வந்த டொக்டர் பேசினார். இன்சுலின் மூளையிலும் வேலை செய்கிறதாம். மூளை அதற்கு நன்றாக இசைந்தால், உணவைக் குறைக்கும்போது வயிற்றுக் கொழுப்பு கரையும், கரைந்தது பெரும்பாலும் திரும்பாது. இசையாதவர்களுக்குக் கொஞ்சம் குறைந்து மறுபடி ஏறிவிடும் என்றார். துடைப்பத்தோடு பின்னால் நின்ற அக்கா கேட்டார்:

"யாரு மூள கேக்குது, யாரு மூள கேக்கலன்னு இங்க டெஸ்ட் பண்ணலாங்களா?"

"இல்லம்மா. அதெல்லாம் ஆராய்ச்சியில மட்டும்தான்."

"அப்ப எல்லாரையும் ஒரே மாதிரி 'வாயக் கட்டு'ன்னு திட்டுறீங்களே, அது எந்த ஆராய்ச்சிங்க?"

நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

கடைசியாக அவர் எடை பார்த்தபோது எண்பத்தொன்று காட்டியது. "தம்பி, தோட்டத்துல கொழுந்து நிறுக்கையில கூடை கனம், தண்ணி கனம்னு கேக்காமலே கிலோ வெட்டுவானுங்க. எனக்கு ஒரு அஞ்சு வெட்ட மாட்டியா?"

"பொய்யா எழுதினா ஆபரேஷன்ல உங்களுக்குத்தான் ஆபத்துக்கா."

"பெரிய நீதவான்" என்று என் கன்னத்தில் தட்டினார். எண்பத்தொன்று என்றே எழுதினேன்.

அவருடைய அடுத்த எடை நாள் அந்தத் திங்கட்கிழமைதான். அதற்கு முந்தைய மூன்று நாளும் வெறும் தேத்தண்ணியில் இருந்திருக்கிறார். சுகர் மாத்திரையை மட்டும் வேளை தவறாமல் போட்டிருக்கிறார். சாப்பிடாமல் அதைப் போடக் கூடாது என்று அவருக்குத் தெரியும். தராசுக்குப் பயந்தார். எடை நாளுக்கு முன் பட்டினி கிடந்து வருகிறவர்கள் இங்கே ஏராளம்; அது தெரிந்தும் நாங்கள் யாரையும் கேட்டதில்லை. உறக்கத்தில் சுகர் இறங்கி இறந்துபோனார்.

அவரால் எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம் மட்டும். யாரையும் தராசில் ஏற்றுவதற்கு முன், "நேத்து சாப்பிட்டீங்களா?" என்று கேட்கிறேன். போன வாரம் கலஹாவிலிருந்து வந்த ஒரு அம்மா, "இல்லீங்க. இன்னைக்குக் கொறஞ்சிருக்கும்ல?" என்றார். பணிஸ் ஒன்று வாங்கிக் கொடுத்து, அவர் தின்று முடிக்கும்வரை பக்கத்தில் நின்றேன். பிறகு ஏற்றினேன். போன முறையைவிட அரைக் கிலோ கூடியிருந்தது. அப்படியே எழுதினேன்.