குமாஸ்தா குறித்துக் கொடுத்த நேரம்

வக்கீல் குமாஸ்தா தன் இருபத்திரண்டு வருட சர்வீஸில் யாருக்கும் தவறான நேரம் சொன்னதில்லை. அந்தப் பெருமை அவர் நடையிலேயே தெரியும். செவ்வாய்க்கிழமை முடியை ஒட்ட வெட்டிய இரண்டு பேர் வந்து, "அண்ணே, சார் எப்போ தனியா கிடைப்பார்?" என்று கேட்டபோதும் கடமை தவறவில்லை. வழக்கு கொடுக்க வந்த புதுக் கட்சிக்காரர்கள் என்று நினைத்து டைரியைப் புரட்டி, "நாலரை மணி, கோர்ட்டு பின்வாசல்" என்று துண்டுத்தாளில் குறித்தே கொடுத்துவிட்டார்.

நாலரைக்கு வக்கீலை ஒரு காரில் அள்ளிப் போட்டுக்கொண்டு போனார்கள். போராடிய மாணவர்களுக்காக வாதாடிய மனிதரை "நாங்க பிடிக்கவே இல்லை" என்று எல்லா போலீஸ் ஸ்டேஷனும் சாதித்தது.

மறுநாள் ஆபீஸில் வக்கீலின் மனைவி சொல்லச் சொல்ல, குமாஸ்தா ஆட்கொணர்வு மனுவை டைப் அடித்தார்.

"ஒரு சாட்சி இல்லையே! கூட இருந்த பாவி எவனோ காட்டிக் கொடுத்திருக்கான். அவன் விளங்குவானா?"

அதையும் மனுவில் அடித்து முடித்த பிறகுதான் அவர் விரல் நின்றது.

"அம்மா, அந்த விளங்காதவன் நான்தான். ரெண்டு பேர் கேட்டாங்க, சொல்லிட்டேன். என்னையே சாட்சியாப் போடுங்க."

அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"திட்டுறதை அப்புறம் வெச்சுக்கறேன். அவனுங்க மூஞ்சி ஞாபகம் இருக்கா?"

"மூஞ்சி, மச்சம், ஷூ வரைக்கும் இருக்கும்மா" என்று மூக்கை உறிஞ்சியபடி புதுத் தாளைச் செருகினார்.