ஒரே கைக்குப் பழகிய மாடு

“…கை உடைஞ்சதுக்கே இந்தக் கூத்துன்னா, நான் போயே சேர்ந்திருந்தா இன்னா பண்ணியிருப்பீங்க?” என்றாள் என் மனைவி. ஆட்டோ வாசலில் நின்றுவிட்டது. அவள் இன்னும் இறங்கவில்லை. வலது கையில் முழங்கை வரை மாவுக்கட்டு, அதைத் தாங்கக் கழுத்தில் ஒரு துணி. கேட்டது என்னைத்தான். பார்த்தது என்னைத் தாண்டி, கொட்டகையில் நின்ற மாட்டை.

நான் அவள் பையை வாங்கிக்கொண்டேன்.

அது ஜெர்சிக் கலப்பு. கிளியனூர்ப் பக்கம் ஒரு வீட்டில் சினைக் கிடேரியாக வாங்கி வந்தோம். “சாது மாடுங்க. குழந்தை காலடியில பூந்து வந்தாலும் நகராது” என்று சொல்லித்தான் கயிற்றைக் கையில் கொடுத்தார் அந்த வீட்டுக்காரர். அவர் சொன்னதில் பொய் இல்லை. அப்போது அது கறவை மாடு இல்லை, அவ்வளவுதான். கறவைக்கு வந்த பிறகுதான் ஒரு மாட்டின் குணம் தெரிகிறது.

தலையீற்றுக் கன்று பிறந்த சில நாட்களிலேயே செத்துப்போனது. கன்று முட்டாமல் பால் சுரக்காதே என்று தெருவில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். செத்த கன்றின் தோலில் வைக்கோலை அடைத்து முன்னால் நிறுத்தினால், தாய் அதை நக்கிக்கொண்டே பால் விடும், பலரும் செய்வதுதான். என் மனைவி ஒப்பவில்லை. “அத ஏமாத்தி எதுக்குப் பால்? கன்னுக்குப் பதிலா நான் போய் நிக்கிறேன், போங்க” என்றாள்.

அப்படியே நின்றாள். அவளுக்கு உப்பளத்தில் வேலை. சேலைக்கு மேல் என் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு போவாள். அளத்துக்குப் போகிற பெண்கள் எல்லோருக்கும் புருஷன் சட்டைதான் யூனிபார்ம். வீடு திரும்பும்போது முன்னங்கையில் உப்பு வெள்ளையாகப் பூத்திருக்கும். நேரே மாட்டிடம் போய்ச் சட்டைக் கையை மடித்துவிட்டு நீட்டுவாள். அது நக்கும். நக்கி முடிப்பதற்குள் மடியில் பால் இறங்கிவிடும். பிறகு கை கழுவி உட்கார்ந்து, நெற்றியை மாட்டின் வயிற்றில் சாய்த்துக்கொண்டு கறப்பாள். எனக்கு அதைப் பார்த்துப் பெருமையாக இருக்கும். வருகிறவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டுவேன். இன்னொரு கையையும் பழக்கி வைக்கவேண்டும் என்று வீட்டில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

சித்திரை வெயிலில் ஒருநாள், தலையில் உப்புக் கூடையோடு வரப்பில் வழுக்கிப் பாத்தியில் விழுந்தாள். மணிக்கட்டு உடைந்துவிட்டது. புதுச்சேரியில் ஆஸ்பத்திரியில் சேர்த்து ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தார்கள். துணைக்கு என் மாமியார் இருந்தார். நான் மாட்டுக்காக வீட்டுக்கு வந்தேன்.

குவளையோடு உட்கார்ந்தேன். மாடு திரும்பிப் பார்த்தது. காம்பில் கை வைத்ததும் ஓர் உதை. குவளை வேலிக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தது. சாது மாடுதானே என்று மறுபடி உட்கார்ந்தேன். இந்த முறை வேலிப்பக்கம் போனது நான்.

பெருமுக்கல்லில் இருந்து அக்காவை வரவழைத்தேன். மாடு கன்றோடு வளர்ந்தவள். “டேய், உனக்கு மாட்டுகிட்ட பயம். அது அதுக்குத் தெரியுது. தள்ளு” என்றாள். பின்னங்கால்களைச் சேர்த்துக் கட்டினாள். மாடு உதைக்கவில்லை. அப்படியே மடியின்மேல் படுத்துக்கொண்டது. அக்கா வாலை முறுக்கினாள், கெஞ்சினாள், கடைசியில் அவளும் அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். “இன்னா ஜென்மண்டா இது!”

பக்கத்து வீட்டம்மாதான் சேலை யோசனையைச் சொன்னது. “அண்ணி சேலையைச் சுத்திக்கினு போங்கண்ணே. மாடு ஆள எங்க பார்க்குது, வாசனையத்தான் பார்க்குது.” சரியென்று கொடியைப் பார்த்தால், என் மனைவியின் அளத்துச் சேலையும் சட்டையும் பளிச்சென்று தொங்குகின்றன. அக்கா வந்த கையோடு வீட்டிலிருந்த அழுக்குத்துணியை எல்லாம் சோப்புப் போட்டு, நீலம் போட்டு அலசிக் காயப்போட்டிருந்தாள். “நாத்தம் புடிச்சுக் கெடந்துச்சுடா” என்றாள் பாவமாக.

இருந்தாலும் கட்டிக்கொண்டேன். அளத்துக்குப் போய் உப்புத் தண்ணீரை முன்னங்கையில் பூசிக் காயவைத்துக்கொண்டும் வந்தேன். சேலைக்கு மேல் சட்டை, மீசை, தலையில் முக்காடு. தெருவே வந்துவிட்டது.

“புதுப்பொண்ணுக்கு வெட்கத்தப் பாரு!”

“மீசையை எடுத்துட்டு வாங்கண்ணே, மாடு பயப்படப்போவுது!”

கையை நீட்டினேன். மாடு நக்கியது. தோல் எரிகிற அளவுக்கு, ஒரு பொட்டு உப்பு விடாமல் நக்கியது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, நம்பிக்கையில். குனிந்து காம்பைத் தொட்டேன். உதை.

“உங்க உப்பத் தின்னுட்டு உங்களையே உதைக்குதே!” என்று பக்கத்து வீட்டம்மா சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. அவள் மடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு காம்பைச் சுற்றிக் கல்லாக இறுகிச் சுட்டது.

மாட்டு டாக்டர் வந்தார். “பாலைக் கறந்து எடுக்கணும்பா. அதான் மருந்து. தேங்கிப்போனா காம்பு செத்துடும்” என்றார். ஊசி போட்டார். சுரந்தது, தொட விடவில்லை. கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “ரெண்டு காம்பு போச்சுன்னா அடிமாட்டுக்குத்தான் கேப்பாங்க. வீட்டுல பக்குவமா சொல்லி வை” என்றார். அதை எந்த வார்த்தையில் பக்குவமாகச் சொல்வது?

சொல்லவில்லை. ஆனால் அன்று போனில் என் குரலை வைத்தே அவள் கண்டுபிடித்துவிட்டாள். “போனை அது காதுகிட்ட புடிங்க” என்றாள். ஸ்பீக்கரைப் போட்டுப் பிடித்தேன். “வந்துட்டேன்டா கண்ணு, இதோ வந்துட்டேன்” என்றது போன். மாட்டின் காது இரண்டும் நிமிர்ந்தன. என் கையிலிருந்த போனை அது பார்க்கவே இல்லை. வாசல் படலைப் பார்த்தது. கழுத்துக்கயிறு இறுகும்வரை இழுத்து, படலைப் பார்த்துக் கத்தியது. அவளுக்கு அங்கே கேட்டிருக்கும். போன் கட்டாகிவிட்டது. அது மட்டும் வெகுநேரம் கத்திக்கொண்டிருந்தது.

நல்ல குணம், கெட்ட குணம் என்று மாட்டைப் பற்றி நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். என்னை உதைத்தபோதுகூட அதன் கண்ணில் கோபம் இல்லை. அதற்கு என்னிடம் ஒரு விரோதமும் கிடையாது. நான் அவள் இல்லை, அவ்வளவுதான். அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

அதன் பிறகுதான், ஆஸ்பத்திரியில் இன்னும் இருக்கச் சொல்லியும் கேட்காமல், இப்படி ஆட்டோவில் வந்து நின்றாள். வழியெல்லாம் மாமியார் திட்டிக்கொண்டே வந்திருக்கிறார்.

“உள்ள வந்து படும்மா மொதல்ல. கட்டு நனைஞ்சா எலும்பு கோணிக்கும்” என்றாள் அக்கா.

என் மனைவி இறங்கினாள். வீட்டுக்குள் போகவில்லை. கொட்டகைக்கு நடந்தாள். மாடு மூக்கை நீட்டி மாவுக்கட்டை முகர்ந்தது, முகர்ந்துவிட்டுப் பின்வாங்கியது. ஆஸ்பத்திரி வாடை. அவள் இடது கையை நீட்டினாள். அதில் உப்பு இல்லை, ஒன்றுமே இல்லை. மாடு அதை நக்க ஆரம்பித்தது.

கொஞ்ச நேரத்தில் இறுகாத மூன்று காம்பிலிருந்தும் பால் தானாகவே சொட்டியது. நான் குவளையோடு ஓடிப்போய் உட்கார்ந்தேன். மாடு காலைத் தூக்கியது. எழுந்து விலகிக்கொண்டேன்.

“எந்தப் பக்கம் இறுகிக் கெடக்குது?” என்றாள் அவள். அக்கா காட்டினாள். என் மனைவி மாவுக்கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். நெற்றியை மாட்டின் வயிற்றில் சாய்த்துக்கொண்டாள். மற்ற காம்புகளின் பால் மண்ணில் ஒழுகிக்கொண்டிருக்க, இறுகிப்போன அந்த ஒரு காம்பை இடது கையால் பிடித்து, பழக்கமில்லாத விரல்களால் கீழே இழுத்தாள்.