சுப்பிரமணியன் கர்ப்பமான காலை

நெய்வேலி டவுன்ஷிப் இருபத்தோராம் பிளாக்கில் செவ்வந்தி என்ன வேலை பார்க்கிறாள் என்பது பற்றி மூன்று கருத்துகள் இருந்தன. பக்கத்து குவார்ட்டர்ஸ்காரர்கள், டைப் அடிக்கிறாள் என்றார்கள். மாமியார் வீட்டார், வேலைக்குப் போகாமல் வீட்டில் இருக்கிறாள் என்றார்கள். அவளுடைய முதலாளி விஜயராஜோ, எல்லாவற்றையும் தானே செய்வதாகவும் அவள் கூடமாட ஒத்தாசை செய்வதாகவும் சொல்லி வந்தார்.

திருவதிகைப் பக்கம் பிறர் வயலில் நாற்று நட்ட குடும்பத்தில் அவள்தான் முதல் இன்ஜினியர். சென்னையில் ஆறு வருடம் சாஃப்ட்வேர் எழுதினாள். கணவன் நெடுமாறனுக்குச் சுரங்கத்தில் வேலை பர்மனென்ட் ஆனதும், இருவரில் யார் வேலையை விடுவது என்று குடும்பம் கூடி ஆலோசித்தது. ஆலோசனை காபி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

இங்கே வந்து கிடைத்தவர்தான் விஜயராஜ். வடலூரில் சிசிடிவி கேமரா மாட்டிக்கொண்டிருந்தவர், ஒரு நாள் விசிட்டிங் கார்டை மாற்றி அடித்து சாஃப்ட்வேர் நிறுவன அதிபரானார். அவர் பிடித்துக் கொடுத்த பெரிய வேலை, மந்தாரக்குப்பத்தில் டாக்டர் செந்தாமரை நடத்தும் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கானது.

பரிசோதனை இயந்திரம் ஒரு ரத்தத்தைப் பார்த்து முடித்ததும் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். உடனே அந்த நோயாளியின் முடிவுச் சீட்டை அச்சடித்து, பெயரை ஒலிபெருக்கியில் கூப்பிட வேண்டும். இப்படி, இது முடிந்ததும் அதைச் செய் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் வேலைக்கு கால்பேக் என்று பெயர். அதைச் செய்ய நிரலுக்குள் இருக்கும் வேலையாட்கள்தான் த்ரெட்டுகள். செவ்வந்தி ஒரே ஒரு ஆளை நிறுத்தியிருந்தாள். அவன் ஒருவர் சீட்டை முடித்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவான். தப்பு நடக்காது. ஆனால் காலை எட்டு மணிக்கு, வெறும் வயிற்றோடு நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும்போது, சீட்டு வரப் பத்து நிமிடம் ஆனது.

"ஒரே ஆளா? முப்பத்திரண்டா மாத்தும்மா," என்றார் விஜயராஜ்.

"சார், எல்லா கால்பேக்கும் 'இப்போதைய நோயாளி'ன்னு ஒரே இடத்துலதான் பேரை எழுதி எழுதிப் படிக்குது. நெறைய ஆளு சேர்ந்தா ஒருத்தர் எழுதினதை இன்னொருத்தர் அழிச்சிடுவாங்க. அதைத் திருத்த நாலு நாள் வேணும்."

அந்த ஒரே இடம், மொத்த நிரலிலும் விஜயராஜ் தன் கையால் எழுதிய ஒரே பகுதி. அதைக் குறை சொன்னது அவருக்குப் பிடிக்கவில்லை.

"ஒரு நம்பரை மாத்த நாலு நாளா?" என்றவர், அன்றே தானே மாற்றினார். பதினோரு நாள் எந்தத் தப்பும் கண்ணில் படவில்லை. கூட்டம் குறைவு என்பதால் அப்படி என்று செவ்வந்தி நினைத்தாள். தன் திறமையால் அப்படி என்று அவர் நினைத்தார்.

பன்னிரண்டாம் நாள், சுரங்கத்தில் ஷிப்ட் பார்த்து ஓய்வு பெற்ற சுப்பிரமணியன் சர்க்கரை பார்க்க வந்தார். அவருடைய பெயரைச் சீட்டின் தலையில் அச்சடித்த த்ரெட், முடிவை எடுக்கத் திரும்பிய நொடியில், இசைப்பிரியா என்ற புதுமணப் பெண்ணின் பெயரை இன்னொரு த்ரெட் அந்த இடத்தில் எழுதிவிட்டது. சுப்பிரமணியன் சீட்டை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு குள்ளஞ்சாவடிக்கு பஸ் ஏறினார். வீட்டில் மருமகள் படித்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மதியத்துக்குள் அவர் திரும்பி வந்து ரிசப்ஷனில் நின்றார்.

"யம்மா, எனக்கு அறுபத்திமூணு வயசாவுது. வூட்ல எல்லாரும் சிரிச்சிகினு இருக்காங்க. இது எத்தினி மாசம்னாவது சொல்லுங்க."

ரிசப்ஷனில் இருந்த கலியம்மாள் சீட்டைப் பார்த்தாள். கர்ப்பம், பாசிட்டிவ். செவ்வந்தியைப் போனில் கூப்பிட்டாள்.

செவ்வந்தியும் முதலில் சிரித்துவிட்டாள். பிறகு, "இயந்திரத்துலயே அவரோட நம்பர் போட்டுப் பாருங்க கலியம்மா," என்றாள். சர்க்கரை முந்நூற்று நாற்பது. அந்த நிலையில் மனிதர் வெயிலில் இரண்டு பஸ் மாறி அலைந்திருக்கிறார். செவ்வந்திக்குச் சிரிப்பு போய்விட்டது.

விஜயராஜ் கலங்கவில்லை. "லட்சத்துல ஒண்ணு அப்படி ஆவும். நடுவுல த்ரெட்டை ரெண்டு செகண்ட் தூங்கச் சொல்லி ஒரு வரி போட்டுடு."

"தூங்க வெச்சா தப்பு போவாது சார். எப்ப வரும்னு தெரியாமப் போவும், அவ்வளவுதான்."

"க்ளையன்ட் கேட்டா மின்னழுத்தக் கோளாறுன்னு சொல்லு."

க்ளையன்ட் கேட்கும்வரை அவள் காத்திருக்கவில்லை. அன்று மாலையே டாக்டர் செந்தாமரை முன்னால் போய் நின்று நடந்ததைச் சொன்னாள். பன்னிரண்டு நாள் சீட்டுகளையும் இயந்திரப் பதிவோடு ஒப்பிட வேண்டும், திருத்தி முடிக்கும்வரை நாலு நாள் சீட்டுகளைக் கையால் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றாள். டாக்டர் திட்டவில்லை. பழைய சீட்டுகளின் நகல் கட்டை எடுத்து மேசையில் வைத்தார். அதில் இன்னும் இரண்டு தப்பு இருந்தது. இருவரையும் கலியம்மாள் போன் செய்து வரவழைத்தாள்.

செவ்வந்தி அந்தப் பொது இடத்தையே எடுத்துவிட்டாள். ஒவ்வொரு கால்பேக்கும் தன் நோயாளியின் விவரத்தைத் தானே சுமந்து போகும். அடுத்தவருடையதைத் தொட முடியாது. முடிவுகளைத் தயார் செய்ய நாலு த்ரெட். அச்சு இயந்திரத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் மட்டும் ஒரே த்ரெட், வரிசைப்படி.

"ஒரே சிலேட்டுல முப்பத்திரண்டு பேரு எழுதிகினு இருந்திருக்காங்க. இப்ப ஆளுக்கொரு சிலேட்டு. அதானே?" என்றாள் கலியம்மாள். விஜயராஜுக்கு இத்தனை நாளாக விளங்காதது அவளுக்கு டீ குடிக்கும் நேரத்தில் விளங்கியது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் செவ்வந்தியும் கலியம்மாளும் இருநூறு போலிப் பெயர்களை ஒரே நேரத்தில் உள்ளே தள்ளி, இருநூறு சீட்டையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார்கள். ஒன்றும் மாறவில்லை. அதற்கு மேலும் மூன்று முறை தள்ளினார்கள்.

திங்களன்று டாக்டருக்கு விஜயராஜிடமிருந்து கடிதம் வந்தது. தமது நேரடி மேற்பார்வையில் அமைப்பு மேம்படுத்தப்பட்டதில் மகிழ்ச்சி என்று இருந்தது. நாலு த்ரெட் என்பது கேட்க ஏழ்மையாக இருக்கிறது, வெளியே நாற்பது என்று சொல்லலாமா என்று செவ்வந்தியிடம் தனியாகக் கேட்டார். அவள், தன்னைக் கேட்காமல் ஓடிக்கொண்டிருக்கும் நிரலை யாரும் தொடக்கூடாது என்று ஒரு தாளில் எழுதி நீட்டினாள். டாக்டரும் அதையே கேட்டிருந்ததால் விஜயராஜ் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த மாதம் சுப்பிரமணியன் வந்தார். எட்டே காலுக்கு ஒலிபெருக்கி அவர் பெயரைக் கூப்பிட்டது. சீட்டை வாங்கியவர் கவுண்டரிலேயே கண்ணாடியைப் போட்டு, பெயர், வயது, ஆண் என்று ஒவ்வொரு வரியையும் விரல் வைத்து இரண்டு தடவை படித்தார். சர்க்கரை நூற்று அறுபது. மடித்துப் பையில் வைத்துக்கொண்டு இட்லி தின்னப் போனார்.