கடைசி வரிசையில் அவர் இல்லை

எங்கள் முதலாளி பொய் சொன்னார். வாய் தவறி வந்த பொய் இல்லை. என் தோளில் கை வைத்து, என் முகத்தைப் பார்த்துச் சொன்ன பொய்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் இருக்கிறது எங்கள் கம்பெனி. இரும்புத் தகட்டை அழுத்தி வண்டிப் பாகங்களாக வளைக்கும் பெரிய பிரஸ் மிஷின்களைச் செய்கிறோம். வெளிநாட்டுக்கு விற்ற மிஷின் கப்பலில் போகும். பின்னால் நான் விமானத்தில் போவேன். அங்கே அதை நிறுத்தி, மட்டம் பார்த்து, முதல் அடி அடித்துக் கொடுத்துவிட்டுத் திரும்புவேன். பல வருடங்களாக இதுதான் என் வேலை.

முதல் அடிக்கு எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தகட்டை வைக்க மாட்டோம். எலுமிச்சம்பழம் வைப்போம். மிஷின் இறங்கி அதை நசுக்கிய பிறகுதான் தகடு. எந்த நாடாக இருந்தாலும் இதை விட்டதில்லை. பழம் அம்பத்தூர் மார்க்கெட்டிலிருந்து என் பெட்டியில் போகும். வெள்ளைக்காரர்கள் சுற்றி நின்று போனில் படம் எடுப்பார்கள். பட்டனை அழுத்துவது என் கை. அது யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை. ஆனால் எல்லோருக்கும் தெரியும்.

இனி என் கால். ஒரு முறை கிரேனிலிருந்து இறக்கும்போது டை, அதாவது தகட்டை வளைக்கும் இரும்பு அச்சு, சரிந்து என் இடது காலில் விழுந்தது. முழங்காலுக்குக் கீழே பிளேட் வைத்துத் தைத்தார்கள். ரொம்ப நேரம் காலைத் தொங்கப் போட்டு உட்காரக் கூடாது, வீங்கிவிடும் என்றார் டாக்டர். அப்போது பெரிய முதலாளி இருந்தார், இப்போதிருப்பவரின் அப்பா. அவர் ஆபீசில் சொன்னார்: "இவன முன்னாடி படுக்க வெச்சு அனுப்புங்கய்யா. இறங்கினா நேரா மிஷின்கிட்ட நிக்க வேணாமா?"

இரக்கப்பட்டுச் சொன்னதில்லை. மிஷினை நினைத்துச் சொன்னார். அதனால்தான் அந்த வார்த்தை எனக்குப் பிடித்தது.

அப்படித்தான் பிசினஸ் கிளாஸ் எனக்குப் பழகியது. முதல் தடவை சீட்டைக் கட்டிலாக்கும் பட்டன் எங்கே என்று தெரியாமல் உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்தேன். பட்டன் அழுத்தியே பிழைப்பவன் நான். வெட்கப்பட்டு யாரையும் கேட்கவில்லை. பிறகு எல்லாம் பழகியது. சூடான துண்டு, பீங்கான் தட்டு, கால் நீட்டிய தூக்கம். இறங்கும்போது கால் காலாக இருக்கும். அயனம்பாக்கம் ஃப்ளாட்டில் என் மனைவி எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள்: "அவுரு போறது படுத்துக்கினு போற ப்ளேன்."

பெரிய முதலாளி போய்ச் சேர்ந்தார். மகன் வந்தார். ஒரு மீட்டிங்கில் மைக்கைப் பிடித்தார். "இனிமே நம்ம கம்பெனில யாருக்கும் பிசினஸ் கிளாஸ் கிடையாது. எனக்கும் கிடையாது. நாம எல்லாரும் ஒரே ஃபேமிலி." எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

அடுத்ததாக பிரேசிலுக்கு ஒரு மிஷின் போனது. முதலாளியும் வருவதாக இருந்தது. நான் அவர் அறைக்குப் போய் காலைப் பற்றிச் சொன்னேன். பேன்ட்டைத் தூக்கித் தழும்பைக் காட்டினேன். அவர் எழுந்து வந்து தோளில் கை வைத்தார்.

"அண்ணா, நானே உங்க பக்கத்துல உக்காந்து வரேன். நானே காலை மடக்கிட்டு வரும்போது நீங்க மட்டும் முன்னாடி கேட்டா நல்லாவா இருக்கும்?"

எனக்குக் கூசிவிட்டது. சரி சார் என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டில் சொன்னபோது மனைவி அரிசி களைந்துகொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இன்னாயா, அவுரு கால்ல பிளேட்டு கீதா?"

"இல்ல."

"அப்ப அவுரு காலும் உன் காலும் ஒண்ணா?"

அவள் மெடிக்கலில் இறுக்கமான சாக்ஸ் வாங்கி வந்தாள். பின் சீட்டில் சோறு எப்படி இருக்குமோ என்று ஒரு டப்பா நிறையப் புளிசாதம் கட்டினாள்.

நாங்கள் மூன்று பேர் கிளம்பினோம். முதலாளி, நான், எங்கள் எலக்ட்ரீஷியன். எலக்ட்ரீஷியனுக்கு வீடு பட்டாபிராம். வெளிநாட்டு வேலைக்கு என்னோடு பல தடவை வந்தவன், எப்போதும் பின்னால் உட்கார்ந்து. விமான வாசலில் என் கால்கள் தாமாக இடது பக்கம், பிசினஸ் கிளாஸ் பக்கம், திரும்பிவிட்டன. பணிப்பெண் கையை நீட்டி வலது பக்கம் காட்டினாள். பின்னாலிருந்து இவன் குரல் கொடுத்தான்: "அண்ணாத்தே, அது பழைய ஊடு. காலி பண்ணியாச்சு. இந்தாண்ட வா." வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

துபாய் வரைக்கும் முதலாளி சொன்னபடியே எங்கள் பக்கத்தில்தான் உட்கார்ந்தார். முழங்கால் முன் சீட்டில் முட்டியது. "எவ்ளோ டைட்டா இருக்குண்ணா" என்று சிரித்தார். மூன்று பேரையும் சேர்த்து போனில் படம் எடுத்தார். இறங்கியதும் அது கம்பெனி குரூப்புக்குப் போனது. எல்லோரும் கைதட்டும் பொம்மை போட்டார்கள். எனக்கும் மனசு இளகியது. இந்த மனிதரைப் போய்த் தப்பாக நினைத்தோமே என்று பட்டது.

அடுத்த விமானம் மிக நீளமானது. அரை நாளுக்கும் மேல் தரையைத் தொடாது. ஏறும் இடத்தில் முதலாளி சொன்னார்: "எனக்கு இதுல கடைசி வரிசைல போட்டுட்டாங்கண்ணா. நீங்க ஏறுங்க. நான் ஒரு போன் பேசிட்டு வரேன்."

ஏறினோம். எலக்ட்ரீஷியன் நடைபாதையை ஒட்டிய தன் சீட்டை எனக்குக் கொடுத்தான். ஆனால் நடைபாதை எனக்கு வலப்பக்கம். வலிக்கிற கால் இடது. முன் சீட்டுக்காரர் தன் சீட்டைச் சாய்த்ததும் என் காலுக்கு இருந்த இடமும் போனது. முதல் சாப்பாடு முடிவதற்குள் பிளேட் வைத்த இடம் விண்விண் என்று தெறிக்கத் தொடங்கியது. கொஞ்சம் நடந்தால் சரியாகும் என்று எழுந்தேன். முதலாளி அங்கே என்ன சாப்பிட்டாரோ என்று தோன்றியது. சின்ன வயதில் அப்பாவோடு கம்பெனிக்கு வந்தால் என் டப்பாவிலிருந்து எடுத்துத் தின்றவர்தான். புளிசாதத்தை எடுத்துக்கொண்டேன்.

கடைசி வரிசை வரைக்கும் போனேன். அவர் இல்லை. கழிவறையில் இருப்பார் என்று நின்றேன். கதவுகள் திறந்தன, வேறு வேறு ஆட்கள் வெளியே வந்தார்கள். எதிர்ப்பக்க நடைபாதை வழியாகத் திரும்பி, ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே முன்னால் வந்தேன். எந்த வரிசையிலும் இல்லை. கையில் டப்பா கனத்தது. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் கண்ணால் பார்க்காமல் ஒருவரைக் குறை சொல்லக் கூடாது என்று நடந்தேன்.

முன்னால் திரை. சரியாக மூடாமல் ஒரு கை அகலம் விலகியிருந்தது.

அவர் படுத்திருந்தார். சீட் கட்டிலாகியிருந்தது. கால்கள் நீண்டிருந்தன, பிளேட் இல்லாத இரண்டு நல்ல கால்கள். நெற்றியில் கண்மறைப்புத் துணி. கையில் போன். ஏதோ உணர்ந்து தலையைத் திருப்பினார். என்னைப் பார்த்தார். டப்பாவையும் பார்த்தார். பிறகு அந்தத் துணியை மெதுவாகக் கீழே இழுத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

அவ்வளவுதான். வாங்க என்றில்லை, போங்க என்றில்லை. தூங்குகிறவராக ஆகிவிட்டார்.

பணிப்பெண் வந்து என் சீட்டுக்குப் போகச் சொன்னாள். போனேன். எலக்ட்ரீஷியன் என் முகத்தைப் பார்த்தான்.

"இன்னாண்ணா, சோறு அப்டியே திரும்பி வருது? துன்ன மாட்டேனுட்டாரா?"

"முன்னாடி படுத்திருக்கார்."

அவன் ஆச்சரியப்படவில்லை. டப்பாவை வாங்கித் திறந்து சாப்பிட ஆரம்பித்தான்.

"நீ கூடத்தான் இத்தினி வருசம் அங்க படுத்துக்கினு வந்த. ஒரு நாளாவது திரைய தூக்கி எட்டிப் பாத்தியா? இன்னிக்கு உனுக்கு வலிக்குது."

"நான் படுத்தது எல்லாருக்கும் தெரியும்டா. பின்னாடி உக்காரறேன்னு சொல்லிட்டு நான் படுக்கல."

இன்னொரு வாய் அள்ளினான். "அது கரீட்டு" என்றான்.

பிறகு விமானம் குலுங்கத் தொடங்கியது. பெல்ட் போடச் சொல்லி விளக்கு எரிந்தது. அது அணையவே இல்லை. நான் எழும்போதெல்லாம் உட்காரச் சொன்னார்கள். சாக்ஸின் விளிம்பு தோலில் புதைந்தது. கட்டைவிரலை அசைத்துப் பார்த்தேன். அசைகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. ரத்தம் கட்டிக்கொண்டு நெஞ்சுக்கு ஏறினால் ஆள் காலி என்று எங்கோ கேட்டது நினைவுக்கு வந்தது. பயந்தேன். வேலைக்குப் போகும் வழியில் நான் பயந்தது அதுதான் முதல் முறை. எலக்ட்ரீஷியன் என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டான். இறங்கும் வரை அப்படியே வைத்திருந்தான். அவனுக்கு இந்த இடத்தில் நன்றி சொல்கிறேன். நேரில் சொன்னால் கிண்டல் செய்வான்.

இறங்கியதும் வழக்கம்போல் நேராக ஃபேக்டரிக்குக் கூட்டிப் போனார்கள். காரில் முதலாளி முன் சீட்டில் உட்கார்ந்து டிரைவரிடம் ஊர் நிலவரம் விசாரித்துக்கொண்டு வந்தார். சட்டை கசங்கவில்லை.

ஃபேக்டரி வாசலில் சேஃப்டி ஷூ போட வேண்டும். முனையில் இரும்பு வைத்த ஷூ. அது இல்லாமல் மஞ்சள் கோட்டைத் தாண்ட விட மாட்டார்கள். வலது கால் போனது. இடது கால் நுழையவில்லை. கயிற்றை முழுக்க உருவிவிட்டு அழுத்தினேன். பெரிய அளவு கொண்டுவந்தார்கள். அதிலும் பாதம் பாதியிலேயே நின்றது, மாவு பொங்கின பாத்திரத்துக்கு மூடி போடுவது மாதிரி. காவலுக்கு நின்ற ஆள் நல்லவன். ஆனாலும் தலையை ஆட்டிவிட்டான். கோட்டுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள்.

அங்கிருந்து பார்த்தேன், என் மிஷினை. மட்டம் பார்க்கும்போது நான் கத்தியது சத்தத்தில் எலக்ட்ரீஷியனுக்குக் கேட்கவில்லை. கையைக் காட்டிக் காட்டிச் சொன்னேன். ஒரு நாளில் முடிகிற வேலை இழுத்துக்கொண்டே போனது. கடைசியில் என் பெட்டியிலிருந்து எடுத்த எலுமிச்சம்பழத்தை முதலாளி வைத்தார். முதலாளியே பட்டனை அழுத்தினார். படம் எடுத்தார்கள்.

அந்த ஊர் மேனேஜர் என்னைக் காட்டி ஏதோ கேட்டார். முதலாளி இங்கிலீஷில் சொன்னார்: அவருக்கு வயதாகிவிட்டது, இது அவருடைய கடைசிப் பயணம் என்று. எனக்கு அந்த அளவுக்கு இங்கிலீஷ் தெரியும். அது அவருக்கும் தெரியும்.

ஊருக்கு வந்ததும் அவர் அறைக்குப் போனேன்.

"சார், முன்னாடி படுத்திருந்தீங்க."

"அது ஏர்லைன்ஸ்ல அவங்களா குடுத்தாங்கண்ணா. குடுத்தா வேணாம்னா சொல்ல முடியும்?"

"சரி சார். அப்ப கடைசி வரிசைன்னு ஏன் சொன்னீங்க?"

போனை எடுத்துப் பார்த்தார். "இதெல்லாம் ஒரு விஷயமாண்ணா? விடுங்க."

"நான் விட்டுடறேன். அதை மீட்டிங்ல சொல்லிடுங்க."

சிரித்தார். அடுத்த மீட்டிங்கில் வேறு ஒன்று சொன்னார். "சில பேருக்கு வயசாயிடுச்சு. ஷூ கூடப் போட முடியல. பிரேசில்ல நாலு பேர் முன்னாடி நம்ம மானம் போச்சு. இனிமே யங் டீம்தான் போகும்." பெயர் சொல்லவில்லை. எல்லோரும் திரும்பி என் காலைப் பார்த்தார்கள். சிலர் சிரித்தார்கள். எலக்ட்ரீஷியன் குனிந்து தரையைப் பார்த்தான். வெளியே வந்ததும் சொன்னான்: "என்னக் கேக்காதண்ணா. ரெண்டு பொண்ணு கீதுங்க. நான் வாயத் தொறக்க மாட்டேன்." நான் கேட்கவில்லை.

இப்போது எனக்கு ஸ்டோரில் ஒரு மேஜை. நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுக்கிறேன். சம்பளம் குறையவில்லை. என் பெயர்தான் போனது. இத்தனை வருடம் இவன் போனால்தான் மிஷின் ஓடும் என்று சொன்ன வாய்கள், ஷூ போட முடியாதவன் என்கின்றன. கால் வீங்கியது என் வயதால் இல்லை. காலை மடக்கி உட்கார வைத்ததால். மடக்கி உட்கார நான் ஒப்புக்கொண்டது, அவரும் மடக்கி உட்காருவார் என்று நம்பியதால்.

படுக்கையைத் திருப்பிக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. எல்லோரும் பின்னால் என்றால் நானும் பின்னால் வருகிறேன், காலை என்ன செய்வது என்று நான் பார்த்துக்கொள்கிறேன். அவர் முன்னால் படுக்க வேண்டுமென்றால் படுக்கட்டும், கம்பெனி அவருடையது. ஆனால் என் காலின் வீக்கத்தை என் வயதின் தலையில் கட்டக் கூடாது.

சார், ஆயுத பூஜை வருகிறது. மிஷின்களுக்குப் பொட்டு வைத்து, பூசணிக்காய் உடைத்து, பொரி கொடுத்த பிறகு நீங்கள் மைக்கைப் பிடிப்பீர்கள். பெயின்டிங் ஆட்கள், கேன்டீன் அம்மா, செக்யூரிட்டி, அவரவர் வீட்டு ஆட்கள் எல்லோரும் நிற்பார்கள். என் மனைவியும் வருவாள். உங்கள் அப்பா காலத்திலிருந்து அந்த ஒரு நாள் யார் எதைக் கேட்டாலும் முதலாளி பதில் சொல்லியாக வேண்டும் என்பது வழக்கம். நான் கேட்கப்போவதை இப்போதே எழுதிவிட்டேன், தயாராக வாருங்கள். துபாயில் ஏறிய அந்த விமானத்தில் நீங்கள் எங்கே இருந்தீர்கள்? நான் ஏன் ஷூ போட முடியவில்லை? உங்கள் அறையில் வேண்டாம். அந்த மைக்கில், அவ்வளவு பேர் முன்னால், பதில் சொல்லுங்கள்.