ஓட்டோவில் ஓடாத கடைசி அத்தியாயம்

ஓட்டோ ஓட்டுகிறவனுக்கு ஊர்க் கதை எல்லாம் தெரியும், ஒன்றுக்கும் முடிவு தெரியாது. முடிவு வருவதற்குள் ஆள் இறங்கிவிடும். அரைகுறைக் கதை கேட்டே வயதுபோனவர்கள் யாராவது இதை வாசித்தால், என் பாடு உங்களுக்கு விளங்கும்.

நான் நிற்பது திருகோணமலைத் துறைமுக வாசலடியில். நோர்வேயில் இருக்கும் தங்கச்சி, "எந்த நாளும் பாட்டுத்தானா, இதைக் கேளுங்கோ அண்ணா" என்று அந்த நாட்டுக் கொலைக் கதை ஒன்றைத் தமிழில் வாசித்த ஒலிப்புத்தகமாக அனுப்பினாள். பனி கொட்டும் ஊரில் பள்ளிக்கூடம் போன சிறுமி வீடு திரும்பவில்லை, தேடுகிறார்கள். அதை ஸ்பீக்கரில் போட்டேன். அன்று பிடித்தது வில்லங்கம்.

எப்ப எடுக்கினம்?

எங்கள் பக்கம் ஆள் செத்தால், ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டித் தெருத்தெருவாக அறிவிப்பது வழக்கம். எனக்கு அந்த ஞாபகமே வரவில்லை. மீன் சந்தையடியில் நெரிசலுக்குள் ஊர்ந்துகொண்டிருக்கிறேன். சிறுமியின் ஆசிரியர் தன் இல்லத்தில் இறந்து கிடக்கும் இடம் அப்போதுதான் வந்தது. வாசிக்கிறவருக்கோ செத்த வீட்டுக்கென்றே செய்த குரல்.

கடைக்காரர் ரேடியோவை நிறுத்தினார். சைக்கிளில் வந்த பெரியவர் இறங்கி, மடித்துக் கட்டிய சாரத்தை அவிழ்த்துவிட்டுத் தலை குனிந்து நின்றார். பிறகு கிட்ட வந்து, "ஆர் தம்பி அந்த வாத்தியார்? பிரேதம் எப்ப எடுக்கினம்?" என்றார். இது கதை ஐயா, அதுவும் நோர்வேயில் என்றேன். அவருடைய முகம் மாறவேயில்லை. "எங்க செத்தா என்ன தம்பி, பாவம். செத்த வீட்டுக்குப் போக அங்க சனம் இருக்குதோ?"

சப்பாத்து

வாசலடி வரிசையில் எனக்கு அடுத்ததாக ஓட்டோ விடுகிறவன் கிண்ணியா றபீக். ஹயர் போக ஆள் இல்லாவிட்டால் என் பின் சீற்றில் வந்து குந்திவிடுவான். கதையில் விசாரிக்க வரும் பொலிஸ் அதிகாரி, சிறுமியின் வீட்டு வாசலில் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகிறார். தொந்தரவுக்கு மன்னிக்கவும் என்கிறார். தாய் கொடுத்த கோப்பியைக் குடிக்கிறார்.

றபீக் அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னான். சிரிக்கப் போகிறான் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. சண்டைக் காலத்தில் அவனுடைய வீட்டைச் சோதனை போட்டவர்கள் சப்பாத்தோடு படுக்கையிலும் ஏறினவர்கள். கடைசியில் இறங்கிப் போகும்போது சொன்னான்: "மச்சான், இது கற்பனைக் கதையெண்டு முதல்லயே சொல்லியிருக்கோணும்."

ஒரு பிள்ளைக்கு

சரோஜாக்கா என் வாடிக்கை. மகன் சீனன்குடாவுக்கு வேலைக்கென்று சைக்கிளில் போனவன், திரும்பவில்லை. அதுவும் சண்டைக் காலம்தான். மாதத்தில் ஒரு நாள் மகனின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு, அப்படியே பிள்ளைகளைத் தொலைத்த தாய்மாரோடு தெருவோரப் போராட்டத்தில் இருக்கப் போவார். நான்தான் ஏற்றி இறக்குவது.

அக்கா ஏறியதும் கதையை நிறுத்தப் போனேன். "இருக்கட்டும், ஓடட்டும்" என்றார். பிறகு, அந்தப் பிள்ளையை எத்தனை பேர் தேடுகிறார்கள் என்று கேட்டார். "நாய் கொண்டுவந்து தேடுகினம் அக்கா. ஹெலிகொப்டரும் வந்திட்டுது. ஊர்ச்சனம் முழுக்க லைற்றோட காட்டுக்குள்ள இறங்கியிருக்கு" என்றேன். அக்கா மடியிலிருந்த படத்தை நிமிர்த்தி வைத்துக்கொண்டார். "ஒரு பிள்ளைக்கோ?"

கதவு

அதற்குப் பிறகு அக்கா, ஓட்டோவில் கால் வைக்கும்போதே "பிள்ளை கிடைச்சிட்டுதோ?" என்பார். தன்னை விட்டுவிட்டுக் கேட்கக் கூடாது என்று சத்தியமும் வாங்கிவிட்டார். அக்கா வரும் நாட்களில் மட்டும் கதையை நகர்த்தினேன். கடைசி அத்தியாயம் தொடங்கிய அன்று நல்ல மழை. அக்கா படத்தைப் பொலித்தீன் பைக்குள் வைத்திருந்தார்.

அதிகாரி அந்தத் தாயின் வீட்டு வாசலில் வந்து நிற்கிறார். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு மணியை அடிக்கிறார். தொப்பியைக் கழற்றினால் என்ன சேதி என்று எனக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும். உள்ளே காலடிச் சத்தம் கேட்கிறது. அக்கா என் தோளைத் தொட்டு, கதையை நிற்பாட்டச் சொன்னார். நிற்பாட்டினேன். மழைச் சத்தத்துக்குள் மெதுவாகச் சொன்னார்: "அவ திறக்க வேண்டாம் தம்பி. திறக்காட்டி, பிள்ளை வந்துகொண்டுதான் இருக்கும்."

கொலைக் கதையை முடிவு கேளாமல் வைத்திருக்கிறவர் உலகத்தில் நீங்கள் ஒருவர்தான் அண்ணா என்று தங்கச்சி போனில் சிரிக்கிறாள், இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள்.